படைப்பாளிகளுக்குக் கோச்சிங்: தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாதியில் நிற்கும் நாவல், மூன்று பாட்டோடு முடங்கிய ஆல்பம், வரைவு நிலையிலேயே கிடக்கும் ஓவியத் தொடர். உங்களிடம் வருபவர்கள் இவற்றில் ஒன்றோடுதான் வருவார்கள். மேலாளர்களுக்கும் தொழில்முனைவோருக்கும் கோச்சாக இருப்பதற்குப் பயிற்சிகள் நிறைய இருக்கின்றன. படைப்பு வேலை என்று வந்ததும் அங்கே கற்ற கருவிகளில் பாதி கைகொடுக்காது. இலக்கு நடுவழியில் மாறும். ஒன்றும் செய்யாமல் இருந்த வாரம் நல்ல வாரமாகவும் இருக்கலாம். பத்தாயிரம் வார்த்தை எழுதிக் குவித்த வாரம் வீணாகவும் போகலாம். இதையெல்லாம் நான் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். நீங்களும் அப்படிக் கற்க வேண்டியதில்லை.

1. நீங்கள் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எடிட்டர் படைப்பைத் திருத்துகிறார். ஆசிரியர் நுட்பம் சொல்லித் தருகிறார். மூத்த கலைஞர் தன் அனுபவத்திலிருந்து அறிவுரை சொல்கிறார். மனநல ஆலோசகர் காயங்களைக் கவனிக்கிறார். கோச் இந்த நால்வரும் இல்லை. படைப்பாளி தன் வேலையை நகர்த்தத் தேவையான முடிவுகளைத் தானே எடுக்கிறாரா, எடுத்ததைச் செய்கிறாரா என்று கூடவே இருந்து பார்ப்பவர்தான் கோச்.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கும். நீங்களும் எழுதுபவர் அல்லது வரைபவர் என்றால் முதல் அமர்விலேயே சிக்கல் வரும். "மூன்றாம் அத்தியாயத்தை முன்னால் கொண்டு வந்தால் என்ன?" என்று நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். யோசனை நல்லதா கெட்டதா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. நீங்கள் ஒருமுறை கருத்துச் சொல்லிவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து அவர் உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்த்து எழுத ஆரம்பிப்பார். நீங்கள் இல்லாத நாளில் அவருடைய பேனா ஓடாது.

கருத்து கண்டிப்பாக வேண்டும் என்று கேட்டால் அதற்குத் தனி நேரம், தனிக் கட்டணம். "இன்றைக்கு நான் கோச்சாக இல்லை, வாசகராகப் படித்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

அந்தக் கலையில் நீங்கள் தேர்ந்தவராக இருக்கத் தேவையில்லை. ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நாவலின் இரண்டாம் வரைவு என்றால் என்ன, படத்தொகுப்பு எங்கே இழுக்கும், கண்காட்சிக்கு எவ்வளவு முன்பே படைப்புகளை ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியாவிட்டால் அவருடைய நேரத்தைத் தின்பீர்கள்.

2. சான்றிதழ்: வேண்டுமா, எப்போது?

பெரும்பாலான நாடுகளில் கோச் என்று பெயர்ப்பலகை மாட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. நல்லவர்களும் அரைகுறைகளும் ஒரே சந்தையில் இருப்பதற்கு இதுதான் காரணம். படைப்பாளிகள் சான்றிதழைக் கேட்பது அபூர்வம். பணம் தருவது நிறுவனம் என்றால் கேட்பார்கள்.

பரவலாக ஏற்கப்படுவது ஐ.சி.எஃப். எனப்படும் சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் சான்று. அதில் மூன்று படிகள். முதல் படியான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்ததான பி.சி.சி.க்கு 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். கடைசிப் படியான எம்.சி.சி.க்கு 200 மணி நேரப் பயிற்சி, 2,500 மணி நேர அனுபவம். இதோடு, அனுபவமுள்ள கோச் ஒருவர் உங்கள் அமர்வுகளைக் கேட்டுத் திருத்தும் 10 மணி நேரம் தனியாக உண்டு. அதை மூன்று மாதத்துக்குக் குறையாமல் பரப்பிச் செய்ய வேண்டும். சான்றை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பயிற்சிக் கட்டணத்தை மட்டும் பார்த்துப் பட்ஜெட் போடாதீர்கள். விண்ணப்பக் கட்டணம், தேர்வு, அந்த 10 மணி நேரத்துக்கான கட்டணம், புதுப்பித்தல் எல்லாம் தனித்தனியாக வரும். பாடத்திட்டம் விற்பவர் இதை விளம்பரத்தின் மேல்வரியில் போடமாட்டார். பணம் கட்டும் முன் முழுத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பாடத்திட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்பதை விற்பவரிடம் கேட்காமல் கூட்டமைப்பின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

சான்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாலும் முதல் நாளிலிருந்தே மணிக்கணக்கைப் பதிவு செய்யுங்கள். யாருக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணி நேரம், கட்டணம் பெற்றதா இலவசமா. பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க அவருடைய சம்மதமும் வேண்டும். இரண்டு வருடம் கழித்து ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்பது பெரிய தலைவலி.

3. முன் சந்திப்பு: 30 நிமிடம், இலவசம்

இதில் கோச்சிங் செய்து காட்டாதீர்கள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகுமா என்று பார்ப்பதற்குத்தான் இந்த நேரம். நான் கேட்பது இவ்வளவுதான்: எந்தப் படைப்பு? இப்போது எந்த நிலையில் இருக்கிறது? கடைசியாக எப்போது அதைத் தொட்டீர்கள்? முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஏன் இப்போது? இதற்கு முன் யாரிடம் உதவி கேட்டீர்கள், அது எங்கே நின்றது?

"கடைசியாக எப்போது தொட்டீர்கள்" என்ற கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். போன வாரம் என்றால் ஒரு மாதிரி வேலை, மூன்று வருடம் என்றால் வேறு மாதிரி. மூன்று வருடம் தொடாதவர்களில் சிலருக்கு அந்தப் படைப்பை விட்டுவிட யாராவது அனுமதி கொடுத்தால் போதும்.

யாரை எடுக்கக் கூடாது? படித்துவிட்டு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லச் சொல்பவருக்கு எடிட்டர் தேவை. பதிப்பாளரையோ தயாரிப்பாளரையோ பிடித்துத் தரச் சொல்பவருக்கு ஏஜென்ட் தேவை. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, எதிலும் ஆர்வம் இல்லாமல் வாரக்கணக்கில் இருப்பவருக்கு மருத்துவரோ மனநல ஆலோசகரோ தேவை. படைப்பு முடக்கமும் மனச்சோர்வு நோயும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும். பிரித்தறியும் தகுதி கோச்சுக்குக் கிடையாது. சந்தேகம் வந்தால் அதை நேராகச் சொல்லிப் பரிந்துரையுங்கள். ஆலோசகர்கள் இரண்டு மூன்று பேரின் தொடர்பு கைவசம் இருக்கட்டும்.

4. ஒப்பந்தம்: இரண்டு பக்கம் போதும், ஆனால் எழுத்தில் வேண்டும்

நண்பரின் நண்பர்தானே என்று விடாதீர்கள். தெரிந்தவர்களிடம்தான் மனக்கசப்பு அதிகம் வரும். கட்டாயம் இருக்க வேண்டியவை:

- எத்தனை அமர்வு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், எந்தத் தேதிக்குள் முடியும்.
- ரத்து செய்ய எவ்வளவு முன்பே சொல்ல வேண்டும். 24 மணி நேரம் நியாயமானது. அதற்குப் பிறகு சொன்னால் அமர்வு கணக்கில் சேரும்.
- இடையில் செய்தி அனுப்பலாமா, எத்தனை நாளில் பதில் வரும். இந்த வரி இல்லாவிட்டால் நள்ளிரவில் 40 பக்கம் வந்து விழும்.
- ரகசியம் காப்பது, அதற்கான விதிவிலக்குகள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினாலோ சட்டம் கேட்டாலோ பேச வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.
- ஒலிப்பதிவு, தானியங்கிக் குறிப்பெடுக்கும் செயலிகள். வெளிவராத கதை ஒன்று அந்த நிறுவனத்தின் சர்வரில் போய் உட்காரும். எழுத்தில் சம்மதம் இல்லாமல் எதையும் ஓடவிடாதீர்கள்.
- படைப்பின் உரிமை.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில் பதிப்புரிமை பதிவு செய்யாமலேயே படைப்பாளிக்குக் கிடைத்துவிடும். அது காப்பது வெளிப்பாட்டை. வெறும் யோசனைக்கு அந்தக் காப்பு கிடையாது. நீங்கள் அமர்வில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி அப்படியே பாட்டில் வந்துவிட்டால்? "அமர்வில் உருவாகும் எதன்மீதும் கோச் உரிமை கோரமாட்டார்" என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். பாட்டு வெற்றிபெற்ற பிறகு யாரும் யாரையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்காது.

நிறுவனமோ பதிப்பகமோ பணம் தந்தால் மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். அவர்களுக்கு என்ன தெரிவிக்கப்படும் என்பது அதில் இருக்கட்டும். நான் ஒப்புக்கொள்வது அமர்வு நடந்ததா இல்லையா என்பதை மட்டும். என்ன பேசினோம் என்பதைப் படைப்பாளி விரும்பினால் அவரே சொல்லிக்கொள்ளட்டும்.

5. கட்டணம்

ஒரு மணி நேர அமர்வு உங்களிடமிருந்து ஒரு மணி நேரத்தை மட்டும் எடுப்பதில்லை. முன் தயாரிப்பு, பிறகு குறிப்பு, கடிதப் போக்குவரத்து, கணக்கு எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

ஒற்றை அமர்வாக விற்காதீர்கள். படைப்பு வேலையில் முதல் அமர்வு பெரும்பாலும் நிம்மதியைத் தரும், மாற்றம் மூன்றாவதுக்குப் பிறகுதான் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று மூன்று மாதத்தில் ஆறு அமர்வுகள், புதியவர்களுக்கு நல்ல அளவு. வாரம் ஒன்று வைத்தால் இடையில் வேலை செய்ய நேரம் இருக்காது. மாதம் ஒன்று என்றால் சூடு ஆறிவிடும்.

படைப்பாளிகளின் வருமானம் சீராக வராது. தவணை கொடுங்கள், ஆனால் ஒவ்வொரு தவணையும் அமர்வுக்கு முன் வந்துவிட வேண்டும். குறைந்த கட்டண இடங்கள் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம். எத்தனை என்பதை முன்பே முடிவு செய்யாவிட்டால் எல்லாமே குறைந்த கட்டண இடமாகிவிடும்.

"இப்போது பணம் இல்லை, புத்தகம் விற்றால் பங்கு தருகிறேன்" என்று ஒருவர் சொல்வார். மறுத்துவிடுங்கள். பங்கு என்று வந்துவிட்டால் எது விற்கும் என்ற கண்ணோடு கேட்க ஆரம்பிப்பீர்கள். அவர் படைப்பைக் கைவிட நினைத்தால் நடுநிலையாக உட்கார்ந்து கேட்க உங்களால் முடியாது.

6. முதல் அமர்வு: நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

90 நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு முன் ஒரு வாரம், எந்த நேரத்தில் என்ன செய்தார் என்று எழுதிவரச் சொல்லுங்கள். நேரமே இல்லை என்று வருபவர்களிடம் விவாதிக்க வேண்டாம், அந்தத் தாள் பேசும். சிலருக்கு நேரம் இருக்கும், தெம்பு இருக்காது. சிலருக்கு உண்மையிலேயே நேரம் இருக்காது. குழந்தையும் வேலையும் முதியவரைப் பார்த்துக்கொள்வதுமாக இருப்பவரிடம் ஒழுக்கம் பற்றிப் பாடம் நடத்தினால் அடி வாங்கத் தகுதியானவர் நீங்கள்.

இலக்கை இரண்டு விதமாக எழுதுங்கள். ஒன்று முடிவு: "முதல் வரைவு, கரடுமுரடாக இருந்தாலும் கடைசிக் காட்சி வரை." மற்றது செயல்: "வாரம் நான்கு நாள், 45 நிமிடம்." முடிவு மாறலாம், செயல்தான் உங்கள் பிடி.

அப்புறம் அந்தச் செயலை ஒரு நிபந்தனையோடு கட்டிவிடுங்கள். "காலையில் எழுதுவேன்" என்பது நிற்காது. "குழந்தையைப் பள்ளியில் விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் போனை அலமாரியில் வைத்துவிட்டு நேற்றைய கடைசிப் பத்தியைத் திறப்பேன்" என்பது நிற்கும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் முன்வைத்த முறை இது. 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு ஆய்வில் இதன் பலன் நடுத்தரத்துக்கும் கூடுதலாகவே தெரிந்தது. தடைக்கும் இதேபோல் எழுதச் சொல்லுங்கள்: "இந்த வரி மட்டம் என்று தோன்றினால், அடியில் கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவேன்."

7. வழக்கமான அமர்வு

60 நிமிடத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் 10 நிமிடம்: என்ன நடந்தது, என்ன நகர்ந்தது. அடுத்த 5: இன்று எதைப் பேசினால் இந்த நேரம் உபயோகமாக இருக்கும்? அதை அவரே சொல்ல வேண்டும். 35 நிமிடம் அந்த விஷயம். கடைசி 10: அடுத்த அமர்வுக்குள் என்ன, எப்போது, எங்கே.

முதல் 10 நிமிடத்தைச் சம்பிரதாயம் என்று விடாதீர்கள். படைப்பாற்றல் ஆய்வாளர் தெரேசா அமாபிலே 7 நிறுவனங்களில் 238 பேர் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்தார். மனம் நன்றாக இருந்த நாட்களோடு அதிகம் சேர்ந்து வந்தது, தனக்கு அர்த்தமுள்ள வேலையில் ஏதோ கொஞ்சமாவது முன்னேறியதுதான். படைப்பாளிகள் தங்கள் முன்னேற்றத்தைப் பார்க்கவே மாட்டார்கள். இரண்டு பக்கம் வெட்டி எறிந்ததும் முன்னேற்றம்தான், அதையும் கணக்கில் எழுத வையுங்கள்.

கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து வினாடி மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும், அவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

8. முடக்கத்தைப் பிரித்துப் பாருங்கள்

"எழுத வரவில்லை" என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். உள்ளே இருப்பது வேறு வேறு. எல்லாவற்றுக்கும் "தினமும் உட்காருங்கள்" என்று ஒரே மருந்து கொடுப்பதுதான் புதிய கோச்கள் அதிகம் விழும் குழி.

அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர் இருக்கிறார். நாவலை முடிப்பது என்பது செய்யக்கூடிய வேலை இல்லை. "அம்மா கதவைத் திறக்கும் காட்சியில் அவள் கையில் என்ன இருக்கிறது என்று முடிவு செய்வது" செய்யக்கூடிய வேலை. 20 நிமிடத்தில் முடியும் அளவுக்கு உடைக்கச் சொல்லுங்கள்.

தரம் பற்றிய பயத்தில் நிற்பவரிடம் மோசமான வரைவுக்கு ஒரு தேதி கேளுங்கள். யாருக்கும் காட்டக் கூடாது என்பது நிபந்தனை.

பார்க்கப்படுவதற்குப் பயப்படுபவர் வேறு. வேலை முடிந்திருக்கும், அனுப்பமாட்டார். அவரிடம் இன்னும் மெருகேற்றுவது பற்றிப் பேசினால் அவர் ஒளிந்துகொள்ள நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். யார் படித்துவிடுவார் என்று பயம் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஓர் ஆளின் பெயர் வரும். வீட்டைப் பற்றி எழுதுபவர் என்றால் அந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கும். அனுப்பச் சொல்லித் தள்ளாதீர்கள்.

தகவல் தேடித் தேடி எழுதாமல் இருப்பவருக்குத் தேடலை நிறுத்த ஒரு நாள் குறியுங்கள். தெரியாத இடத்தில் ஒரு குறி போட்டுவிட்டு மேலே எழுதட்டும்.

இன்னொரு வகை, படைப்பு ஊறிக்கொண்டிருக்கும் காலம். ஒரு சிக்கலை நன்றாக மென்றுவிட்டு விலகியிருந்தால் விடை தானாக எழுவது உண்டு. இதையும் சோம்பலையும் பிரிக்க நான் பார்க்கும் அடையாளம்: விலகும் முன் அவர் அந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினாரா? மல்லுக்கட்டியிருந்தால் விடுங்கள், திரும்பும் தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டவே இல்லை என்றால் அது ஊறல் இல்லை.

கடைசியாக, படைப்பே தவறான பாதையில் போய்க்கொண்டிருக்கலாம். அப்போது முடக்கம்தான் சரியான எச்சரிக்கை. "இதை எழுத வேண்டியதில்லை என்று ஆகிவிட்டால் முதலில் என்ன தோன்றும்?" என்று கேட்டுப் பாருங்கள். நிம்மதி என்று சொல்பவரிடம் டெட்லைனைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

9. அவர் படைப்பைக் காட்டும்போது

ஒரு நாள் காட்டத்தான் செய்வார். ஆய்வாளர்கள் அவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிஸியும் 1996இல், ஒருவரின் வேலையைப் பற்றி அவரிடமே கருத்துச் சொல்வது குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியில் பலன் இருந்தாலும் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் செயல்திறன் குறையவே செய்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "நீங்கள் திறமைசாலி" என்ற பாராட்டும் ஆளின் மீதுதான் விழுகிறது.

நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் உருவாக்கிய நான்கு படி முறை கோச்சுக்கு நன்றாகப் பொருந்தும். முதலில் படைப்பில் உங்கள் மனதில் நின்றது எது என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது, படைப்பாளி உங்களிடம் கேள்வி கேட்பார். மூன்றாவது, நீங்கள் அவரிடம் சாய்வில்லாத கேள்வி கேட்பீர்கள். "முடிவு ஏன் இவ்வளவு நீளம்?" என்பது கேள்வி வேடம் போட்ட தீர்ப்பு. "முடிவில் வாசகர் எந்த மனநிலையில் இருக்க வேண்டும்?" என்பது கேள்வி. நான்காவது படியில்தான் கருத்து, அதுவும் அனுமதி கேட்டு. நான் பெரும்பாலும் மூன்றாவதோடு நிறுத்திவிடுவேன்.

10. குறிப்புகள்

ஒவ்வொரு அமர்வுக்கும் ஐந்து வரி: தேதி, பேசிய பொருள், அவர் எடுத்த முடிவு, அடுத்த செயல், எனக்கான நினைவூட்டல். கதையின் திருப்பங்களையோ குடும்ப விவரங்களையோ எழுதாதீர்கள். கடவுச்சொல் உள்ள இடத்தில் வையுங்கள்.

11. முடிப்பது

ஆறு அமர்வு என்றால் நான்காவதிலேயே முடிவைப் பற்றிப் பேசுங்கள். கடைசி அமர்வில் திடீரென்று சொன்னால் பயத்தில் இன்னொரு தொகுப்பு வாங்குவார். உங்கள் வரவுக்கு நல்லது, அவருக்கு இல்லை. நான்காவதிலிருந்து அமர்வின் முதல் கேள்வியை அவரே தனக்குக் கேட்டுக்கொண்டு வரட்டும்.

படைப்பை ஒப்படைத்த நாளில் கடைசி அமர்வை வைக்காதீர்கள். அன்று எல்லோரும் மிதப்பில் இருப்பார்கள். வெறுமை வருவது அதற்குப் பிறகுதான், குறிப்பாக யாரிடமிருந்தும் பதில் வராத வாரங்களில். ஓர் அமர்வை மிச்சம் வைத்து, ஒப்படைத்து மூன்று வாரம் கழித்து நடத்துங்கள். நிராகரிப்புக் கடிதம் வந்தால் முதல் இரண்டு நாள் என்ன செய்வார், அடுத்து எங்கே அனுப்புவார் என்பதை அந்த அமர்வில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் நிலுவை ரசீதை அனுப்பிவிட்டு, உங்களிடம் உள்ள அவருடைய கைப்பிரதிக் கோப்புகளை அழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.